பழைய கணினிக்கு விடைகொடுக்கும் முன்

சிரம்பான் நகரை ஒட்டிய லோபாக்கில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கூடத்தின் மூலையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. அதை வாங்கிப் பத்து ஆண்டுகளாகின்றன. படிவம் மூன்றில் பயிலும் பேத்தி அதில்தான் பள்ளி ஒப்படைப்புகளைச் செய்கிறாள். அவளுடைய அம்மா மின்கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் அதன்வழியே செலுத்துகிறார். தாத்தா ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் குடியிருந்தது, பெரட்டுக் களம் எங்கே இருந்தது, தோட்டத்துக் கோயிலில் எந்த நாள் யாருடைய உபயம் என்பவற்றையெல்லாம் அவர் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. தோட்டத்தின் வரலாறாக எஞ்சியிருப்பது அந்தக் கணினியிலுள்ள சில கோப்புகளே.

ஒரு நாள் கணினித் திரையில், இந்தக் கணினியின் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு இனி ஆதரவு இல்லை என்னும் அறிவிப்பு தோன்றுகிறது. தாத்தாவுக்கு வியப்பு. “கணினி நன்றாகத்தானே ஓடுகிறது? பிறகு என்ன முடிந்துபோயிற்று?” என்று பேத்தியிடம் கேட்கிறார். கணினி வைத்திருக்கும் பல வீடுகளில் எழுந்த கேள்விதான் இது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் செயலிகளையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருள். கோப்பைச் சேமிப்பது, அச்சுப்பொறியை இயக்குவது, இணையத்தோடு இணைவது ஆகிய அனைத்தும் அதன் வழியேதான் நடைபெறுகின்றன. பல கோடி வரிகள் கொண்ட இத்தகைய மென்பொருளைப் பிழையே இல்லாமல் எழுத எவராலும் இயலாது. சில பிழைகள் திருடர்கள் நுழைவதற்கு ஏற்ற ஓட்டைகளாகிவிடுகின்றன. ஓட்டை தெரியவரும்போதெல்லாம் தயாரித்த நிறுவனம் அதை அடைப்பதற்கான திருத்தத்தை இணையம்வழி அனுப்புகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இத்திருத்தங்களை வெளியிடுகிறது. ‘ஆதரவு’ என்பது முதன்மையாக இந்தப் பணியையே குறிக்கும்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29ஆம் நாள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவடைந்தது. இதற்கு முன்பு விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7 2020 ஜனவரி 14ஆம் நாளும் இதே நிலையை அடைந்தன. அந்த நாள்களில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் அவை வழக்கம்போல் ஓடின. தாத்தாவின் ஐயம் இங்கிருந்துதான் பிறக்கிறது. முடிந்தது கணினியின் ஆயுள் அன்று. ஓட்டைகளை அடைக்கும் வேலைதான் முடிந்தது.

அப்படியானால் ஆபத்து ஏன் நாளுக்கு நாள் கூடுகிறது? விண்டோஸ் 10-க்கும் அதன்பின் வந்த விண்டோஸ் 11-க்கும் பொதுவான நிரல்பகுதிகள் ஏராளம். ஒரே தச்சர் ஒரே வகைப் பூட்டைப் பொருத்திய இரண்டு வரிசை வீடுகள் என்று கொள்ளலாம். பூட்டில் குறை இருப்பது தெரிந்ததும் புது வரிசையில் மட்டும் பூட்டுகளை மாற்றுகிறார்கள். மாற்றிய பூட்டைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் திருடனுக்கு, குறை எங்கே இருந்தது என்பது விளங்கிவிடும். அவன் அடுத்து எந்த வரிசைக்குப் போவான் என்று சொல்லத் தேவையில்லை. புதிய இயங்குதளத்திற்கு வெளியிடப்படும் ஒவ்வொரு திருத்தமும் பழையதன் பலவீனத்தை வெளிச்சம்போட்டுக் காட்டக்கூடும்.

இது வெறும் அச்சுறுத்தல் இல்லை என்பதற்கு 2017இல் நடந்ததே சான்று. அவ்வாண்டு மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயின் தரவேண்டும் என்று அது கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் அதிகமான கணினிகள் பாதிப்புற்றன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தும், மறுநாளே மைக்ரோசாப்ட் விதிவிலக்காக விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட்டது.

இந்நிகழ்வில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. பாதிப்புற்ற கணினிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பியில் ஓடியவை அல்ல. விண்டோஸ் 7இல் ஓடியவை. அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. தேவையான திருத்தமும் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதாவது மார்ச் 14ஆம் நாளே வந்துவிட்டது. உரியவர்கள்தாம் அதை நிறுவாமல் விட்டிருந்தனர். ஆதரவு இருந்தும் திருத்தத்தை நிறுவாதவரின் நிலையும் ஆதரவு இல்லாதவரின் நிலையும் அன்று ஒன்றாகவே இருந்தன.

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பர். அது வாசலில் நிற்கும் காவலாளி. தனக்குத் தெரிந்த திருடனை அடையாளம் கண்டு தடுக்கும். சுவரிலுள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

லோபாக் வீட்டாரின் முன் உள்ள வழிகளில் முதலாவது, அதே கணினியில் விண்டோஸ் 11ஐ நிறுவுவது. விண்டோஸ் 10 முறையாக வாங்கப்பட்டதாயின் இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால், கணினியின் வன்பொருள் ஈடுகொடுக்க வேண்டும். நான்கு கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் பெரும்பாலும் இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் எழுகிறது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாப்ட் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்ற செயலியகமும் தேவை. இன்டெல் நிறுவனத்தின் செயலியகங்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான், அதாவது 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்தவைதாம் பட்டியலில் உள்ளன. ஒரு கணினி தகுதி பெறுமா என்பதை மைக்ரோசாப்ட் வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி சில நொடிகளில் சொல்லிவிடும். சில கணினிகளில் டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, “இல்லை” என்று விடை வந்தவுடன் கணினியை ஒதுக்கிவிடாமல், கடைக்காரரிடம் ஒரு முறை கேட்பது நல்லது. நல்ல நிலையிலுள்ள கணினி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளப்படுவது பலருக்கும் மனக்குறைதான். அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது.

இரண்டாவது வழி, சிறிது காலம் வாங்குவது. விரும்புவோருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டாலோ, அந்நிறுவனத்தின் 1000 வெகுமதிப் புள்ளிகளைக் கொடுத்தாலோ, 30 அமெரிக்க டாலர் செலுத்தினாலோ அதில் சேரலாம். இத்திட்டம் தீர்வாகாது, முடிவெடுக்க அவகாசம் தரும், அவ்வளவே. கணினியோடு வந்த எழுத்துச் செயலிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகிய இரண்டிற்குமான ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

மூன்றாவது வழியில் இயங்குதளத்தையே மாற்றிவிடுகிறார்கள். லினுஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், எவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். லினக்ஸ் மின்ட், உபுண்டு என அதில் பல வகைகள் உள்ளன. லினக்ஸ் மின்டின் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பத்து ஆண்டுப் பழைய கணினியிலும் அது தடையின்றி ஓடும்.

எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது தமிழ்நாடு அரசு நாடியது இவ்வழியைத்தான். 2014இல் அரசுத் துறைகள் தத்தம் கணினிகளில் ‘பாஸ்’ லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கமே ‘பாஸ்’. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த இயங்குதளத்தில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் பொதுத்துறை 2004இலேயே திறந்த மூல மென்பொருளுக்கான பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது.

வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் பொருந்துமா என்பதை நிறுவாமலேயே சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி, அந்த விரலியிலிருந்தே கணினியை இயக்கினால் போதும். வன்தட்டில் எதுவும் மாறாது. அச்சுப்பொறி வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா, அருகலை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு விரலியைக் கழற்றிவிடலாம். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியிலேயே இயங்குவதால் பேத்தியின் பள்ளி வேலைகள் தடைபடா. தமிழ்99, ஒலிப்பு முறை ஆகிய விசைப்பலகைகளும் லினக்ஸில் உண்டு. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகளையும் கணக்கு மென்பொருள்களையும் மட்டும் அதில் எதிர்பார்க்க முடியாது. முதல் இரண்டு வாரங்கள் எதை எங்கே தேடுவது என்று திணற வேண்டியும் இருக்கும்.

இவை எவையும் ஒத்துவராவிட்டால் பழைய கணினியை இணையத்திலிருந்து முற்றாகத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்தலாம். தட்டச்சு செய்யவும் பாட்டுக் கேட்கவும் அது போதும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், இயங்கலையில் பொருள் வாங்குதல் ஆகியவற்றை ஆதரவுள்ள வேறு கருவிக்கு மாற்றிவிட வேண்டும். துண்டித்துவிட்டாலும் விரலி ஒரு வாசல்தான் என்பதை மறக்கலாகாது. 2010இல் கண்டறியப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் தீநிரல், இணையத்தோடு இணைக்கப்படாத கணினிகளுக்குள்ளும் விரலிகளின் வழியாகவே புகுந்தது. இத்தனைக்குப் பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் மோசடியாக எடுக்கப்பட்டதாகத் தெரிந்தால், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் பணத்தை மீட்பது கடினமாகிவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கணினிக்குள் உள்ளவற்றை மீட்டெடுப்பதுதான் அது. படங்களும் காணொலிகளும் பிரச்சினை தருவதில்லை, அப்படியே படியெடுத்துவிடலாம். தமிழில் எழுதப்பட்ட பழைய கோப்புகளின் கதை வேறு.

தாத்தா 2000ஆம் ஆண்டுவாக்கில் தட்டச்சு செய்த ஒரு கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் என்ன தெரியும்? ‘தமிழ்’ என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் முதலில் முக்கால் என்னும் பின்னக்குறி நிற்கும். அதையடுத்து உச்சியில் கோடிட்ட ஓர் ஆங்கில எழுத்து, பிறகு அமெரிக்கக் காசின் குறி, கடைசியில் கோடிட்ட மற்றோர் ஆங்கில எழுத்து. பக்கம் முழுவதும் இப்படியே இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட்டவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கோப்பு சிறிதும் கெடவில்லை.

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை; எண்களையே சேமிக்கிறது. அக்காலத்தில் ஓர் எழுத்துருவுக்கு 256 எண்களே இருந்தன. அவற்றுள் முதல் பாதி ஆங்கிலத்திற்குப் போய்விடும். மீதியிருந்த 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. எனவே கால், கொம்பு, கொக்கி என எழுத்துகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வளர்த்த ‘முரசு அஞ்சல்’ தமிழ்க் கணிமையில் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அதன்பின் பலரும் தத்தம் முறைகளை வகுத்தனர். இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை அமைத்தனர். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்பவை வந்தன. ஈழத் தமிழர்களிடையே ‘பாமினி’ எழுத்துரு பரவலாக வழங்கியது.

திஸ்கியில் ‘த’ என்பதன் எண் 190. திஸ்கி எழுத்துரு இருக்கும் கணினி 190ஐக் கண்டால் ‘த’ என்று வரையும். அந்த எழுத்துரு இல்லாத கணினியோ மேலை நாட்டு முறைப்படி அதே எண்ணுக்கு முக்கால் குறியை வரையும். இந்தக் குழப்பத்திற்கு முடிவு கட்டியது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கும் அம்முறையில் ‘த’ என்பதன் எண் 2980. வேறெந்த எழுத்தும் அந்த எண்ணைப் பெற முடியாது. 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தபோதும், விண்டோஸ் 2000 தொடங்கியே விண்டோஸ் கணினிகளில் அது கைக்கு வந்தது. மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட சங்கக் குறிப்புகளும் கோயில் கணக்குகளும் கவிதைகளும் கடிதங்களும் இன்றும் பழைய எண்களிலேயே உறங்குகின்றன.

ஆகவே, பழைய இயங்குதளத்தை நீக்குமுன் மூன்றையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும்: கோப்பு, அது எழுதப்பட்ட எழுத்துரு, அந்த எழுத்துருவின் பெயர். பெயர் தெரிந்தால் மட்டுமே எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பது தெரியும். பழைய கணினியில் கோப்பைத் திறந்து எழுத்துகள்மீது சுட்டியை வைத்தால் மேற்பட்டையில் பெயர் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் உரையை இட்டால் ஒருங்குறியில் திரும்பக் கிடைக்கும்.

மாற்றி தரும் உரையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய முறைகளில் ‘தோட்டம்’ என்பதை எழுத முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து ‘த’, பிறகு கால் என்ற வரிசையில் எண்கள் அமைந்திருக்கும். ஒருங்குறியிலோ ‘த’ முதலில் வரும். ஓகாரக் குறி ஒரே எண்ணாக அதன்பின் வரும். மாற்றி இவ்வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். வரி உடையும் இடங்களில் அது தவறுவதுண்டு. அப்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என நிற்கும். பாமினியில் வேறொரு தொல்லை இருக்கிறது. அது ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களையே தமிழுக்கும் எடுத்துக்கொண்டது. எனவே, இடையில் ஓர் ஆங்கிலச் சொல் வந்திருந்தால் மாற்றி அதையும் தமிழென்று கருதிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். ஆள்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் நிறைந்த ஏட்டில் இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிக்க, அந்தப் பெயர்களை அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும். தாத்தா நலமாக இருக்கும்போதே இதைச் செய்து முடிப்பது நல்லது.

மீட்டவற்றை ஒரே இடத்தில் வைப்பதும் தவறு. மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பிடங்களிலாவது இருக்க வேண்டும். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது துறையினர் பின்பற்றும் விதி. வன்தட்டில் ஒன்று, இணைய மேகத்தில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று என வைத்துக்கொள்ளலாம். படியெடுத்தவுடன் அவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத படியை நம்பிப் பழையதை அழித்தவர்களின் வருத்தத்திற்கு மருந்தில்லை.

பழைய கணினியை வெளியேற்றுவதாக இருந்தால், கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. நீக்கும்போது கோப்பின் பெயர் பட்டியலிலிருந்து மறைகிறதே தவிர, உள்ளடக்கம் வன்தட்டிலேயே இருக்கக்கூடும். முழுவதும் துடைத்தழிக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கணினியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னியல் கழிவு ‘எஸ்.டபிள்யூ. 110’ என்னும் குறியீட்டின்கீழ் அட்டவணைக் கழிவாகும். அதை உரிய சேகரிப்பு மையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

லோபாக் வீட்டில் பேத்தி ஒரு சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்குகிறாள். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்கிறார். மாற்றியில் இட்ட முதல் பக்கத்தில் முக்கால் குறிகள் மறைந்து ‘த’க்கள் வரிசையாக எழுகின்றன. நான்காவது வரியில் ஒரு கொம்பு தனியே நிற்கிறது. “அது கோவிந்தன்,” என்கிறார் தாத்தா. “மூன்றாவது லயம், கடைசி வீடு.”